25 ரூபாயிலிருந்து 3 லட்சம் ரூபாய் வரை: கல்வி உதவித்தொகையை உரிமையாக்கிய அம்பேத்கர்

கல்லூரிகள் திறக்கும் பருவம் வந்துவிட்டால் ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை, பர்கூர், ஊத்தங்கரை ஆகிய ஊர்களின் இ-சேவை மையங்களில் பட்டியலின மாணவர்களின் கூட்டம் பெருகுகிறது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு என ஒவ்வொன்றையும் சேகரித்து, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைக்கு அவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். இந்தத் திட்டம் 1944ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது என்பதும், அதற்குப் பின்னால் உதவித்தொகையால் படித்து, உதவித்தொகை நின்றதால் படிப்பை இடையில் விட்டுத் திரும்பிய ஒரு மனிதரின் வாழ்க்கை இருக்கிறது என்பதும் அவர்களில் பலருக்குச் சொல்லப்படுவதே இல்லை.

அண்ணல் அம்பேத்கரை அரசமைப்புச் சட்டத்தின் சிற்பி என்று போற்றுகிறோம். மகத் குளத்துப் போராளியாகவும், பௌத்தம் தழுவிய வழிகாட்டியாகவும் நினைவுகூர்கிறோம். அவரை ஓர் உதவித்தொகை மாணவராகப் பார்க்கும் பார்வை குறைவு. அந்தப் பார்வையில் அவருடைய வாழ்வை மீண்டும் படிப்பது இன்று நமக்கு மிகவும் தேவைப்படுகிறது. ஒரு மன்னரின் தனிப்பட்ட கருணையாக இருந்த கல்வி உதவியை அரசின் வரவு செலவுத் திட்டத்தில் எழுதப்பட்ட கடமையாக மாற்றியவர் அவர். அந்தக் கடமை இன்று விதிகளாலும் தாமதங்களாலும் மீண்டும் கருணையாகச் சுருக்கப்பட்டு வருகிறது.

மன்னரின் கருணை

1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவின் மாவ் இராணுவக் குடியிருப்பில் அம்பேத்கர் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் கொங்கணத்தின் இரத்தினகிரிப் பகுதி. தந்தை இராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராகவும், இராணுவப் பள்ளியின் ஆசிரியராகவும் பணியாற்றியவர். சிறு வயதிலேயே தாய் பீமாபாயை இழந்த அம்பேத்கர், சாத்தாராவில் பள்ளிக்குச் சென்றபோது தான் அமர்வதற்கான சாக்குத் துணியைத் தானே சுமந்து சென்றார். பள்ளிக் குழாயைத் தொட அவருக்கு அனுமதி இல்லை.

குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து, தொழிலாளர் குடியிருப்பில் ஒற்றை அறையில் வாழ்ந்தது. இராம்ஜி தம் மகள்களின் நகைகளை அடகு வைத்து மகனுக்கு நூல்கள் வாங்கித் தந்தார். 1907இல் அம்பேத்கர் மெட்ரிக் தேர்வில் வெற்றி பெற்றார். அவர் சமூகத்தில் அது அரிய நிகழ்வு என்பதால் பாராட்டுக் கூட்டம் நடந்தது. அக்கூட்டத்தில் ஆசிரியர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அவருக்குப் பரிசளித்தார்.

எல்பின்ஸ்டன் கல்லூரியில் இடைநிலை வகுப்பைக் கடந்த நேரத்தில் தந்தையின் கையிருப்பு தீர்ந்தது. படிப்பு அங்கேயே நின்றிருக்கும். கேளுஸ்கரின் பரிந்துரையால் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அந்த இளைஞரை நேரில் அழைத்துக் கேள்விகள் கேட்டார். விடைகளில் நிறைவு கொண்டு மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வழங்கினார். அந்தத் தொகையில் அம்பேத்கர் பட்டப்படிப்பை முடித்தார்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிறந்த இடம் மத்திய இந்தியா, பூர்வீகம் கொங்கணம், படித்த ஊர் பம்பாய், உதவித்தொகை தந்த அரசு பரோடா. எல்லை கடந்து வந்த உதவி அது. அதே சமயம், அது ஒரு நல்ல மனிதர் இன்னொரு நல்ல மனிதரிடம் சொன்ன சொல்லைச் சார்ந்திருந்த உதவியும் கூட. கேளுஸ்கர் அந்தக் கூட்டத்துக்கு வராமல் போயிருந்தால், மன்னருக்கு அன்று நேரமில்லாமல் போயிருந்தால் வரலாறு வேறாக இருந்திருக்கும். அம்பேத்கர் போன்ற அறிவாற்றல் கொண்ட எத்தனை பேருக்கு ஒரு கேளுஸ்கர் வாய்க்காமலே போயிருப்பார் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

உடன்படிக்கையும் அவமானமும்

1913 பிப்ரவரியில் தந்தை இறந்தார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பரோடா அரசுடன் ஓர் உடன்படிக்கையில் அம்பேத்கர் கையெழுத்திட்டார். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள் படிக்க மாதம் பதினொன்றரை பவுண்டு கிடைக்கும். படித்து முடித்ததும் பத்து ஆண்டுகள் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும். உதவிக்கு விலையாக ஓர் இளைஞரின் பத்து ஆண்டுகள் எழுதி வாங்கப்பட்டன.

நியூயார்க்கில் அவர் அந்தத் தொகையில் தானும் வாழ்ந்து, ஒரு பகுதியைப் பம்பாயிலிருந்த குடும்பத்துக்கும் அனுப்பினார். பழைய புத்தகக் கடைகளில் நூல்களைச் சேர்த்தார். 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1916இல் சாதியின் தோற்றத்தையும் இயக்கத்தையும் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையைக் கருத்தரங்கில் படித்தார். பிறகு லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும், சட்டம் பயில கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். அதற்குள் உதவித்தொகையின் காலம் முடிந்துவிட்டது. பல்கலைக்கழகத்திடம் நான்கு ஆண்டுக்குள் திரும்பி வர அனுமதி பெற்றுக்கொண்டு, 1917இல் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கப்பலேறினார். அறிவிலும் உழைப்பிலும் குறை ஏதுமின்றி, பணம் நின்றதால் மட்டுமே படிப்பை விட்டவர்களின் வரிசையில் அம்பேத்கரும் ஒருவர்.

உடன்படிக்கைப்படி பரோடாவுக்குப் பணிக்குச் சென்றார். கொலம்பியாவில் படித்த அந்த அதிகாரியின் மேசை மீது கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைத் தூர நின்று எறிந்தார்கள். ஊரில் வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளுடன் வந்த கும்பல் அவரை வெளியேற்றியது. அன்று பூங்காவில் ஒரு மரத்தடியில் அமர்ந்து அவர் கண்ணீர் விட்டதை அவரே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். உதவித்தொகை அவருக்குப் பட்டத்தைத் தந்தது. ஊரில் ஒரு வாடகை அறையைப் பெற்றுத்தர அதனால் முடியவில்லை. கல்வி உதவி சாதி ஒழிப்புக்கு மாற்றாகாது என்ற தெளிவு அவர் பின்னாளில் செய்த எல்லாவற்றிலும் இருக்கிறது.

1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததுடன், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவியும் நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற கடனும் சேர 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். அரைவயிற்று உணவுடன் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் நாள் முழுவதும் படித்தார். இங்கே பம்பாயில் அவருடைய துணைவி ரமாபாய் வறுமையோடு போராடினார். அந்தக் குடும்பம் தன் குழந்தைகளில் நால்வரைப் பறிகொடுத்தது. 1923இல் அம்பேத்கர் வழக்குரைஞராகவும் பொருளியல் அறிஞராகவும் நாடு திரும்பினார். இரண்டு ஆண்டுகள் கழித்து வெளியான மாகாண நிதி குறித்த ஆய்வு நூலைப் பரோடா மன்னருக்கே காணிக்கையாக்கினார். நன்றியை அவர் மறக்கவில்லை. ஆயினும், தன்னைப் போன்றவர்கள் நன்றி சொல்லியே படிக்க வேண்டிய நிலை தொடரக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்.

விண்ணப்பத்திலிருந்து ஆவணத்துக்கு

1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவை நிறுவினார். அடுத்த ஆண்டே சோலாப்பூரில் ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கான விடுதி தொடங்கியது. கல்விக் கட்டணத்தைத் தந்துவிட்டால் போதாது, தங்க இடமும் உணவும் இல்லாமல் கிராமத்து மாணவர் நகரக் கல்லூரிக்கு வர முடியாது என்பதைத் தன் வாழ்விலிருந்தே அவர் அறிந்திருந்தார்.

1928 மே மாதத்தில் சைமன் குழுவிடம் அந்தச் சபையின் சார்பில் கல்வி குறித்து ஓர் அறிக்கையை அளித்தார். பம்பாய் மாகாணத்தில் ஒரு நூற்றாண்டுக் காலக் கல்விக் கொள்கையை அதில் அவர் ஆண்டு வாரியாக ஆராய்ந்திருக்கிறார். அதில் இடம்பெறும் ஒரு நிகழ்வு, கர்நாடக எல்லையில் வாழும் நமக்கு முக்கியமானது. 1856இல், இன்றைய கர்நாடகத்தில் உள்ள தார்வாடின் அரசுப் பள்ளியில் சேர ஒரு மகர் சிறுவன் முயன்றான். அனுமதி மறுக்கப்பட்டது. அவன் பம்பாய் அரசுக்கு விண்ணப்பித்தான். நியாயம் அந்தச் சிறுவனின் பக்கம் இருப்பதை அரசு ஒப்புக்கொண்டது. ஆனாலும் ஒருவனுக்காகப் பலரது மனத்தைப் புண்படுத்த இயலாது என்ற வகையில் அவன் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தச் சிறுவனின் மனுவை அம்பேத்கர் ஆவணக் காப்பில் இருந்து எடுத்து ஆட்சியாளர்களின் மேசையில் வைத்தார். ஒரு விண்ணப்பம் தள்ளுபடியாவதோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. எழுத்தில் இருந்தால் அது பின்னாளில் சாட்சியாகும். விண்ணப்பிக்கும் ஒவ்வொரு மாணவரும் ஒப்புகைச் சீட்டையும், நிராகரிப்பு உத்தரவையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும் என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான்.

வட்டமேசை மாநாடுகளில் இரட்டைமலை சீனிவாசனும் அம்பேத்கரும் தீண்டப்படாத மக்களின் பிரதிநிதிகளாக அமர்ந்தனர். தனித்தொகுதி உரிமை கிடைத்ததும், காந்தியாரின் உண்ணாநோன்பும், 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தமும் நாம் அறிந்தவை. அந்த ஒப்பந்தத்தைப் பேசும்போது தொகுதிகளின் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்கிறோம். அதன் ஒன்பதாம் கூறு ஒவ்வொரு மாகாணத்திலும் கல்விக்கான நிதியிலிருந்து ஒடுக்கப்பட்ட மக்களின் கல்வி வசதிக்குப் போதுமான தொகை ஒதுக்கப்பட வேண்டும் என்கிறது. தனித்தொகுதியை இழந்த வேதனையான பேரத்திலும் மாணவர்களுக்கான நிதி எழுத்தில் இடம்பெற்றது. அதில் கையெழுத்திட்டவர்களில் எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜியும் உண்டு. கல்வி நிதி என்பது சாதி இந்துத் தலைவர்கள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட கடன். சலுகை என்று அதற்குப் பெயரிடுவது வரலாற்றுக்குப் புறம்பானது.

1942 முதல் 1944 வரை

1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர் பொறுப்பேற்றார். பதவியேற்ற சில மாதங்களிலேயே, அக்டோபர் 29 அன்று, பட்டியலின மக்களின் குறைகளைத் தொகுத்து வைசிராய் லின்லித்கோவிடம் விரிவான மனுவை அளித்தார். பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் நடுவண் அரசு நிதி வழங்கிவந்த நிலையில், பட்டியலின மக்களின் உயர்கல்விக்கு அவ்வரசு என்ன பொறுப்பேற்றிருக்கிறது என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

அந்த மனுவில் அவர் கேட்டது பொதுவான கல்வி உதவி மட்டுமன்று. கலை, சட்டப் படிப்புகளால் பட்டியலின மக்களின் நிலை பெரிதாக மாறாது, அறிவியல் மற்றும் தொழில்நுட்பத்தில் உயர்கல்வி வேண்டும் என்று வாதிட்டார். இந்தியாவில் படிக்கவும் வெளிநாடு செல்லவும் தனித்தனியே உதவித்தொகை கோரினார். உயர் பதவிகளில் அமரும் அளவுக்குப் படித்தவர்கள் ஒரு சமூகத்தில் உருவானால்தான், சட்டங்கள் நடைமுறைக்கு வருவதைக் கண்காணிக்க முடியும் என்பது அவருடைய கணிப்பு.

1944இல் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கீட்டில் பட்டியலின மாணவர்களுக்கான நடுவண் அரசின் உதவித்தொகைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பட்டியலின மாணவர்கள் அரசுச் செலவில் இங்கிலாந்துக்கும் சென்றனர். பின்னர் இத்திட்டம் பழங்குடி மாணவர்களுக்கும் விரிந்தது. ஒரு மன்னரின் 25 ரூபாயில் படித்தவர், முன்பின் அறியாத ஆயிரக்கணக்கான இளைஞர்கள் எவருடைய பரிந்துரையும் இன்றி விண்ணப்பித்துப் பெறக்கூடிய ஒரு தலைப்பை அரசின் கணக்கில் திறந்து வைத்தார்.

அதே பதவிக் காலத்தில் நடுவண் அரசுப் பணிகளில் பட்டியலினத்தவருக்கு இடஒதுக்கீடு வந்தது. தொழிற்சாலை வேலை நேரம் வாரத்துக்கு 48 மணியாகக் குறைந்ததிலும் அவருடைய பங்கு உண்டு. மாணவரின் கல்வி, பெற்றோரின் வேலை நேரம் ஆகிய இரண்டையும் ஒரே மனிதர் ஒரே மேசையில் கையாண்டார். தொழிற்பேட்டையை நம்பி வாழும் ஓசூர் குடும்பங்களுக்கு இந்த இணைப்பை விளக்கத் தேவையில்லை.

1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். அரசமைப்புச் சட்டத்தின் 46ஆம் உறுப்பு, நலிந்த பிரிவினரின், குறிப்பாகப் பட்டியலின, பழங்குடி மக்களின் கல்வி நலனைத் தனிக் கவனத்துடன் வளர்ப்பதை அரசின் கடமையாக்கியது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் நீதிமன்றம் செல்லாததாக்கியபோது, 1951இல் முதலாம் திருத்தத்தின் வழியே 15(4) உறுப்பு சேர்க்கப்பட்டது. சட்ட அமைச்சராக அத்திருத்தத்தை அவையில் ஆதரித்து வாதிட்டவரும் அம்பேத்கரே. 1954இல் அவர் கோலார் தங்கவயலுக்கு வந்தார். தமிழ் பேசும் தலித் சுரங்கத் தொழிலாளர்கள் திரண்டு வாழ்ந்த ஊர் அது. 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார்.

இன்றைய கணக்கு

அவர் திறந்து வைத்த தலைப்பு இன்று என்ன நிலையில் இருக்கிறது? நடுவண் அரசின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளின்படி, விடுதியில் தங்காமல் இளங்கலை, இளம் அறிவியல் போன்ற பட்டப்படிப்பு பயிலும் மாணவருக்கு, கட்டணம் நீங்கலான படிப்புப் படி ஆண்டுக்கு 3,000 ரூபாய். மாதத்துக்கு 250 ரூபாய். நூறாண்டுக்கு முன் பரோடா மன்னர் ஓர் இளைஞருக்குத் தந்ததைப் போல எண்ணிக்கையில் பத்து மடங்கு. விலைவாசி எத்தனை மடங்கு உயர்ந்திருக்கிறது என்பதை அஞ்செட்டியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் வந்து படிக்கும் மாணவரிடம் கேட்டால் தெரியும்.

வருமான வரம்பு அடுத்த தடை. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. 2013இல் வைத்த வரம்பு இது. தந்தை சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி, தாய் மலர்ப் பண்ணையிலோ உதிரிபாகத் தொழிற்சாலையிலோ வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் மாதம் தலா 10,500 ரூபாய் ஈட்டினாலே ஆண்டு வருமானம் 2,52,000 ரூபாய் ஆகிவிடும். மிகைநேர வேலை பார்த்து மகளைப் படிக்க வைக்க நினைத்த உழைப்பே அந்த மகளைத் திட்டத்திலிருந்து வெளியேற்றுகிறது. 2019இல் பொருளாதாரத்தில் நலிந்த முன்னேறிய வகுப்பினருக்கு இடஒதுக்கீடு தந்தபோது அதே நடுவண் அரசு 8 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்களை நலிந்தவர் என்றது. ஒரே நாட்டில் வறுமைக்கு இரண்டு அளவுகோல்கள். இந்த வேறுபாட்டுக்கு நியாயமான சட்ட விளக்கம் எதுவும் நமக்குத் தெரியவில்லை.

நிதியின் வழித்தடமும் சிக்கலானது. 2021 வரை, முந்தைய திட்டக் காலத்தின் செலவு அளவை மாநிலங்களின் பொறுப்பாக்கி, அதற்கு மேற்பட்டதை மட்டுமே நடுவண் அரசு ஏற்றது. சுமை மாநிலங்களின் தலையில் விழுந்து நிலுவை பெருகியது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பின், 2020 டிசம்பரில் 60க்கு 40 என்ற பங்கீடு முடிவானது. இப்போது மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகு நடுவண் பங்கு மாணவரின் கணக்குக்கே நேரடியாக வருகிறது. இதில் எங்கே தாமதம் நேர்ந்தாலும், கல்லூரியின் நெருக்கடி மாணவர் மீதே விழுகிறது. தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டின் 92ஆம் எண் அரசாணை, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் பட்டியலின, பழங்குடி, கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிட மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்க வழி செய்தது. அந்த ஆணையை அறியாமல் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தும் பெற்றோரை நாம் இன்றும் சந்திக்கிறோம். நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்கு நடுவண் திட்டத்தில் உதவி இல்லை என்பதைச் சேர்க்கைக்குப் பிறகே அறிந்து தவிக்கும் மாணவர்களும் உண்டு.

எல்லையில் நிற்கும் சான்றிதழ்

நம் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. ஓசூரில் வாழ்ந்து, அத்திப்பள்ளியைக் கடந்து பெங்களூருவில் படிக்கும் மாணவர்கள் ஏராளம். அவர்கள் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவர்களோ அந்த மாநிலமே உதவித்தொகையை வழங்க வேண்டும் என்பது விதி. கல்லூரி கர்நாடகத்தில் இருப்பதால் தமிழ்நாட்டு மாணவரின் உரிமை போய்விடாது. கல்லூரியின் சரிபார்ப்பைப் பெற்றுத் தமிழ்நாட்டில்தான் அவர் விண்ணப்பிக்க வேண்டும்.

சாதிச் சான்றிதழில் குழப்பம் மேலும் ஆழமானது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் கன்னடமோ தெலுங்கோ பேசும் பட்டியலினக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. ஆதி கர்நாடகர், ஆதி ஆந்திரர், ஹொலையர், மாதிகர் ஆகிய பெயர்கள் தமிழ்நாட்டின் பட்டியலிலேயே இருக்கின்றன. தாய்மொழி கன்னடம் என்பதால் கர்நாடகத்துக்குப் போய்ச் சான்று வாங்குங்கள் என்று எவர் சொன்னாலும் அது சட்டப்படி தவறு. குடும்பத்தின் வாழிடமே அளவுகோல், வீட்டில் பேசும் மொழி அன்று.

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைக்குப் பிறகு வேலை தேடி எல்லை கடந்து குடியேறிய குடும்பங்களின் நிலை வேறு. ஒரு மாநிலத்தின் பட்டியலினத் தகுதி இன்னொரு மாநிலத்துக்குத் தொடராது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீண்டாமை மட்டும் எல்லையில் நிற்பதில்லை. அது அவர்களோடு வந்து, வாடகை வீடு கேட்கும் இடத்தில் முதல் கேள்வியாக நிற்கிறது. இத்தகைய மாணவர்கள் தந்தையின் பூர்வீக மாநிலத்தில் சான்றிதழ் பெற்று அங்கே விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. கொங்கணத்துப் பூர்வீகமும் பம்பாய்ப் படிப்பும் கொண்ட ஓர் இளைஞர் பரோடாவின் உதவியைப் பெற முடிந்தது. தொழிற்பேட்டைகளுக்காக மனிதர்களை எல்லை கடத்தி அழைத்துவரும் இன்றைய குடியரசில் அவர்களுடைய பிள்ளைகளின் உரிமை சோதனைச் சாவடியிலேயே தங்கிவிடுகிறது. நாடாளுமன்றம் தீர்க்க வேண்டிய முரண் இது.

அவர் வழியில் கேட்போம்

அம்பேத்கர் இரக்கத்தைக் கோரவில்லை. ஒப்பந்தக் கூறுகளையும் அரசின் கணக்குகளையும் தள்ளுபடியான மனுக்களையும் முன்வைத்துக் கேட்டார். மாணவத் தோழர்களுக்கு நாம் சொல்வதும் அதுவே. கட்டணத்தை முன்கூட்டிச் செலுத்தாமல் சேர்வதற்கான கட்டணமில்லாச் சேர்க்கை அட்டை 2021 நெறிமுறைகளில் இருக்கிறது, அதைக் கேளுங்கள். கட்டண நிலுவையைக் காட்டிக் கல்லூரி அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்துவிட்டது, எழுத்தில் கோருங்கள். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகள் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயை உதவித்தொகையோடு சேர்த்தே பெறலாம். விண்ணப்பம் முடங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதன் நிலையைக் கேளுங்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் மூத்த மாணவர்கள் சிலர் சேர்ந்து முதலாண்டு மாணவர்களின் விண்ணப்பங்களைக் கடைசி நாளுக்கு முன் சரிபார்த்துக் கொடுத்தாலே பல இழப்புகள் தவிரும்.

இயக்கங்களின் கோரிக்கைகளும் தெளிவாக இருக்கட்டும். வருமான வரம்பு 8 லட்சமாக உயர வேண்டும். படிப்புப் படி விலைவாசியோடு இணைக்கப்பட வேண்டும். கல்வியாண்டு முடிவதற்குள் தொகை வந்து சேரச் சட்டப்பூர்வக் காலக்கெடு வேண்டும். எல்லை மாவட்ட மாணவர்களுக்காகத் தமிழ்நாடு, கர்நாடக அரசுகள் கூட்டுச் சரிபார்ப்பு முறையை உருவாக்க வேண்டும்.

மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசிய அம்பேத்கர், படித்து முன்னேறியவர்கள் தம் மக்களை மறந்ததைச் சொல்லி மனம் வெதும்பினார். உதவித்தொகையால் படித்து வேலைக்குப் போன நம்மில் ஒவ்வொருவரையும் நோக்கிய வருத்தம் அது. ஓர் அரசு ஊழியர், ஒரு பொறியாளர், ஒரு வழக்குரைஞர் ஆண்டுக்கு ஐந்து மாணவர்களின் விண்ணப்பங்களுக்குப் பொறுப்பேற்றால், கேளுஸ்கர் ஒருவரே இருந்த காலம் முடிந்துவிட்டது என்று நாம் துணிந்து சொல்லலாம். வரும் கல்வியாண்டின் விண்ணப்பப் பருவத்திலிருந்தே அந்தப் பணியைத் தொடங்குவோம்.